குட்டி சாட்டிலைட்டுக்கு ஸ்டாட்டிக் தொல்லை: பூச்சா, தகடா, வாயுவா, ரீசெட்டா?

போன வாரம் லேப்ப பூட்டிட்டு கிளம்பப் போற நேரம், ஃபைனல் இயர் பிள்ளைங்க நாலு பேரு ஒரு அலுமினியப் பெட்டிய தூக்கிட்டு வந்து நின்னாங்க. 3யூ கியூப்சாட்டோட ஃப்ரேம், அதாவது மூணு கட்டைய அடுக்கின அளவுல உள்ள குட்டி சாட்டிலைட், 10 சென்டிமீட்டர் அகலம், 34 சென்டிமீட்டர் உயரம், கருப்பா பளபளன்னு அனோடைஸ் பண்ணி வாங்கியிருக்காங்க, பாக்க கொள்ளாம். "அண்ணே, பேனல் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கனெக்ட் ஆயிருக்கான்னு ஒரு தடவ பாத்துத் தாங்க." மல்டிமீட்டர கன்டினியூட்டியில போட்டு ஒரு முனைய இந்தப் பேனல்லயும் இன்னொண்ண பக்கத்துப் பேனல்லயும் வச்சேன், சத்தமே இல்ல. ஸ்க்ரூ எல்லாம் முறுக்கித்தான் இருக்கு, பேனலும் பேனலும் ஒட்டித்தான் இருக்கு, ஆனா மீட்டரு கணக்குல அது ரெண்டும் வேற வேற தீவு. அனோடைஸ்னா அலுமினியத்து மேல வளத்த ஆக்சைடு தோலு, அது கரண்ட கடத்தாது. ஸ்க்ரூ உக்காருற இடத்துல மட்டும் எமரி பேப்பர் போட்டுத் தேச்சேன், வெள்ளையா அலுமினியம் தெரிஞ்சது, திரும்ப முறுக்கி வச்சுப் பாத்தா பீப்புன்னு கத்துது.

அதுக்கப்புறந்தான் அவங்க ஒரு பேப்பர நீட்டுனாங்க. விண்வெளியில சாட்டிலைட் மேல சார்ஜ் சேருறத எப்படி சமாளிக்கதுன்னு நாலு வழி எழுதியிருக்கு, நாலு பேருக்கும் நாலு அபிப்பிராயம். தக்கலைக்காரப் பிள்ளைக்கு மேல கண்டக்டிவ் பூச்சு வேணும், குளச்சல் பையனுக்கு கனமான தகடு வேணும், இன்னொருத்தனுக்கு ஸ்பேஸ் ஸ்டேஷன்ல இருக்க மாதிரி வாயுவ ஊதி சார்ஜ வெளிய தள்ளுற மெஷின் வேணும், நாலாவது ஆளு "சவத்த விடுங்கடே, அடிச்சா ரீசெட் ஆகிட்டுப் போவட்டும்"ங்கறான். கேன்டீன் மூடுறதுக்குள்ள சாயா வாங்கிட்டு வந்து உக்காந்து பேசுனோம், அதத்தான் எழுதுறேன்.

நம்ம கன்னியாகுமரிப் பக்கம் ஸ்டாட்டிக்னா யாருக்கும் பெரிசா பயம் கிடையாது, ஏன்னா காத்துல எப்பவும் ஈரம், ரெண்டு மழையும் கிடைக்கற மாவட்டம், பக்கத்துலயே கடல், உடம்புல ஏறுற சார்ஜ் அந்த ஈரத்தோட பைய வடிஞ்சு போயிரும். டெல்லிப் பக்கம் குளிர்காலத்துல கம்பளிய உதறுனா படபடன்னு பொறி பறக்கும்னு சொல்லுவாங்க, இங்க அந்தக் கதையே இல்ல. மேல ஈரமும் கிடையாது, காத்தும் கிடையாது, எர்த் குழி தோண்டவும் வழியில்ல. போதாக்குறைக்கு சுத்தி பிளாஸ்மா, அதுல எலக்ட்ரானும் அயனியும் ஓடிட்டே இருக்கு, ஒரே சூடுன்னா எலக்ட்ரான் புரோட்டான விட சுமாரு 43 மடங்கு வேகமா ஓடும், அதனால சாட்டிலைட் மேல மோதுறதுல எலக்ட்ரான்தான் ஜாஸ்தி, பெட்டி மைனஸ் பக்கம் போகும். வெயில் பட்டா ஒளியே கொஞ்சம் எலக்ட்ரான தட்டி வெளிய விடும், அப்போ சில வோல்ட் பிளஸ்ல நிக்கும், நிழலுக்குள்ள போனா அந்த உதவியும் போச்சு. 1969ல போன நாசாவோட ஏடிஎஸ்-5 சாட்டிலைட் பூமி நிழல்ல மைனஸ் 10,000 வோல்ட் வரைக்கும் போயிருக்கு, 1974ல போன ஏடிஎஸ்-6 மைனஸ் 19,000 வரைக்கும். ரெண்டுமே ஜியோஸ்டேஷனரி உயரம், பூமி சுத்துற அதே வேகத்துல சுத்துற தூரத்து ஆர்பிட், சுருக்கமா ஜியோ.

இந்த நம்பரக் கேட்டதும் பிள்ளைங்க வாயப் பொளந்தாங்க. ஆனா மொத்தப் பெட்டியும் ஒரே சீரா மைனஸ் 10,000ல நின்னா பெட்டிக்குள்ள ஒண்ணும் ஆகாது, கேட்டீங்களா. கொல்லுறது பக்கத்து பக்கத்துல இருக்க ரெண்டு இடத்துக்கு நடுவுல உள்ள வித்தியாசம். வெயில்ல ஒரு பக்கம், நிழல்ல ஒரு பக்கம், கடத்துற ஃப்ரேம் ஒரு வோல்ட்ல, கடத்தாத கண்ணாடி வேற வோல்ட்ல, எங்கயாவது ஒரு இடத்துல தாங்காம பொறி தாவும், அந்தப் பொறி நானோசெகண்ட்ல எழும்புற பல்ஸ், அது ஒயர் வழியா உள்ள போயி சர்க்யூட்டுக்கு பொய் கமாண்ட் கொடுக்கும், இல்ல ஐசியையே சுட்டுரும்.

இத விளங்க வைக்க எனக்கு மணவாளக்குறிச்சி போதும். அங்க ஐஆர்இங்கற அரசாங்கக் கம்பெனியோட ஆலையில கடற்கரை மணலப் பிரிக்கறதுக்கு எர்த் பண்ணின உருளை ஒண்ணு சுத்தும், மேல இருந்து மணலு விழும், பக்கத்துல பல ஆயிரம் வோல்ட்ல கம்பி, அதுல இருந்து எல்லா மணல் மணிக்கும் சார்ஜ் ஏறும். இல்மனைட்டும் ரூட்டைலும் கடத்தும், வாங்குன சார்ஜ உடனே உருளையில இறக்கிட்டு எகிறி தூரப் போயி விழுந்துரும். சிர்கானும் மோனசைட்டும் கடத்தாது, அதனால சார்ஜ வச்சுக்கிட்டு உருளையில அட்டை மாதிரி ஒட்டிட்டே சுத்தும், கடைசியில பிரஷ் போட்டு வழிச்சுத்தான் எடுக்கணும். குளச்சல் பையன் அந்தப் பக்கம் வளந்தவன், டக்குன்னு புடிச்சிட்டான்: "அப்போ நம்ம பெட்டியில இல்மனைட் எது, மோனசைட் எதுன்னு பாக்கணும், இல்லியாண்ணே?" அதேதான் மக்ளே. ஃப்ரேமு இல்மனைட். சோலார் செல் மேல உள்ள கண்ணாடி, கேப்டன்ங்கற (Kapton) தங்கக் கலர் பிளாஸ்டிக் டேப், ஒயர் இன்சுலேஷன், சர்க்யூட் போர்டோட ஃபைபர் எல்லாம் மோனசைட். எர்த் இல்லாம தொங்குற உலோகம் இருக்கே, அது இல்மனைட்டா இருந்தும் உருளையத் தொடாத மணி, அதுதான் எல்லாத்தையும் விட மோசம், ஏன்னா சேத்த மொத்தத்தையும் ஒரே அடியில கொட்டும்.

இப்போ வழிங்களுக்கு வாறேன். அதுக்கு முன்ன எந்த ஆர்பிட்னு கேக்கணும், இவங்க பேப்பர்ல அது இல்லவே இல்ல! எங்க ஓட்டப் போறோம்னு சொல்லாம டயர் விலை விசாரிக்கற கதை. கேட்டா 500 கிலோமீட்டர், துருவம் வழியா போற சன் சிங்க்ரனஸ், ஒவ்வொரு இடத்தையும் தினமும் ஒரே சூரிய நேரத்துல கடக்கற ஆர்பிட். சரி. ஜியோல நடுராத்திரியில இருந்து விடியக்காலம் வரைக்குமான பக்கத்துல சூடான எலக்ட்ரான் வந்து மோதும், அங்க தொல்லை பெரிசு. 500 கிலோமீட்டர்ல பிளாஸ்மா அடர்த்தியா குளிர்ச்சியா இருக்கும், அதுவே சார்ஜ வடிச்சிரும், பெட்டி ஒரு வோல்ட் அங்க இங்க நிக்கும், அவ்வளவுதான். துருவத்துகிட்ட அரோரா வளையத்த, வானத்துல வர்ற எலக்ட்ரான் மோதி ஒளி எழும்புற பட்டைய, கடக்கற சில நிமிஷம் மட்டும் வேற கதை. சுமாரு 840 கிலோமீட்டர்ல போன அமெரிக்காவோட டிஎம்எஸ்பி வானிலை சாட்டிலைட்டுங்க அங்க மைனஸ் 2,000 வோல்ட் வரைக்கும் பாத்திருக்கு. ஆனா அதுக்கு இருட்டு, பிளாஸ்மா வத்திப்போன நேரம், பலமான அரோரா எலக்ட்ரான் மூணும் ஒண்ணா சேரணும்.

முதல்ல தகடு, ஏன்னா அத சீக்கிரம் முடிச்சிரலாம். தகடு எதுக்குன்னா மேல படிற சார்ஜுக்கு இல்ல, உள்ள துளைச்சிட்டு வர்ற வேகமான எலக்ட்ரானுக்கு. 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் உள்ள எலக்ட்ரான் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அலுமினியத்த தாண்டும், தாண்டி கேபிள் இன்சுலேஷனுக்குள்ள போயி நாள்கணக்குல குமிஞ்சு ஒருநாள் வெடிக்கும். 1994 ஜனவரி 20ல கனடாவோட அனிக் இ1, இ2 சாட்டிலைட் ரெண்டும் ஒரே நாள்ல தல சுத்துனது இப்படித்தான், ரெண்டுலயும் நேரா நிக்க வைக்கற வீல் கன்ட்ரோல் போச்சு, இ1 சில மணி நேரத்துல ஸ்பேருக்கு மாறிருச்சு, இ2ல ஸ்பேரும் போயி மீட்டெடுக்க மாசக்கணக்கு ஆச்சு. ஜியோக்கு நாசா கைடு சொல்லுற கணக்கு 2.8 மில்லிமீட்டர் அலுமினியம். சரி, நம்ம பெட்டிக்கு அத போட்டா என்ன ஆகும்னு அங்கயே பேப்பர்ல போட்டோம். ஆறு பக்கமும் சேத்து 1,560 சதுர சென்டிமீட்டர், 0.28 சென்டிமீட்டர் கனம், 2.7 அடர்த்தி, கிட்டத்தட்ட 1.2 கிலோ. இவங்க மொத்த பட்ஜெட்டே 4 கிலோ. குளச்சல் பையன் தானாவே பேனாவ கீழ வச்சிட்டான். 500 கிலோமீட்டர்ல அந்த மாதிரி எலக்ட்ரான் துருவத்துப் பக்கமும் தென் அட்லாண்டிக் மேலயும் அப்பப்ப வரும், அதுக்கு இருக்கற பேனல் தகடும் பேட்டரியும் போர்டும் தர்ற மறைப்பு போதும்னுதான் நான் சொல்லுவேன். தகட்ட விட உள்ள சும்மா தொங்குற உலோகத்தப் பாருங்க: யூஸ் பண்ணாத கனெக்டர் பின், எங்கயும் சேராத ஸ்பேர் ஒயர், ஐசி மேல ஒட்டுன ஷீல்ட் துண்டு. எல்லாத்துக்கும் கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் வழி விட்டா முடிஞ்சுது, ஒரு ரூபா வேலை.

வாயு மெஷின் ஆசைப்பட்ட பையன்கிட்ட எனக்கு பாவமா இருந்தது, ஏன்னா ஐடியா உண்மையிலயே அழகு. ஸ்பேஸ் ஸ்டேஷன்ல சோலார் பேனல் 160 வோல்ட்ல ஓடுது, மைனஸ் பக்கத்த ஃப்ரேமோட கட்டியிருக்கறதால மொத்த ஸ்டேஷனும் பிளாஸ்மாவ விட 100 வோல்ட்டுக்கும் அதிகமா மைனஸ்ல இறங்கும், அப்போ மேல உள்ள மெலிசான அனோடைஸ் தோலு பொத்துக்கிட்டு பொறி அடிக்கும்ங்கற பயம். அதனால 2000 அக்டோபர்ல போன இசட்1 டிரஸ்ங்கற ஸ்டேஷன் சட்டத்துலயே செனான் வாயுவ பிளாஸ்மாவாக்கி வெளிய விடுற ரெண்டு மெஷின் வச்சாங்க, அது ஸ்டேஷனுக்கும் சுத்தி உள்ள பிளாஸ்மாக்கும் நடுவுல ஒரு எர்த் ஒயர் மாதிரி. ஐரோப்பாவோட கிளஸ்டர் ஆராய்ச்சி சாட்டிலைட்டுங்கள்ல இன்டியம்ங்கற உலோகத்தோட அயனிய ஊசி முனையில இருந்து விட்டாங்க, அங்க நோக்கம் பாதுகாப்ப விட அளவெடுக்கற கருவிக்கு தொந்தரவு இல்லாம இருக்கணும்ங்கறது. நம்ம பெட்டிக்கு? வாயு டேங்க், வால்வு, சூடாக்க பவர், இன்டியம்னா பல ஆயிரம் வோல்ட் சப்ளை. ஸ்டாட்டிக்க தடுக்க வச்ச மெஷினே பேலோடு, அதாவது சோதனைக் கருவி, இருக்க வேண்டிய இடத்த முழுங்கிரும். நம்ம சோலார் ஸ்ட்ரிங் 20 வோல்ட்டத் தாண்டாது, அதுக்கு இந்தப் பயமே கிடையாது.

அவன் விடல. "வாயு வேண்டாம், சும்மா ஒரு ஃபிலமென்ட் வச்சு எலக்ட்ரான மட்டும் வெளிய துப்பினா?" கேள்வி சின்னதுதான், ஆனா ஆபத்து உள்ளது. ஏடிஎஸ்-5ல அதத்தான் செஞ்சு பாத்தாங்க. ஃப்ரேம்ல உள்ள எலக்ட்ரான் வெளிய போகும், ஃப்ரேம் ஜீரோக்கு பக்கத்துல வரும், ஆனா கண்ணாடியிலயும் டேப்லயும் ஒட்டுன சார்ஜ் அங்கயே இருக்கும், ஏன்னா அது கடத்தாது, ஃபிலமென்ட் வரைக்கும் வர வழி இல்ல. வித்தியாசம் குறையறதுக்கு பதிலா கூடும்! பிளாஸ்மாவா விட்டாதான் அதுல உள்ள அயனி கண்ணாடிப் பக்கமும் போயி சமன் பண்ணும், ஏடிஎஸ்-6ல அத பாத்தாங்க. வீட்டுல ஒரு சுவர மட்டும் இடிச்சு ஈரம் போக்குன மாதிரி ஆயிரும்டேன்னேன். அதோட அவன் அடங்கினான், அரைமனசா.

ரீசெட் ஆளு சொன்னத மத்த மூணு பேரும் சிரிச்சாங்க, எனக்கு அது அவ்வளவு சிரிப்பாப் படல. 2010 ஏப்ரல்ல கேலக்ஸி 15ங்கற தகவல்தொடர்பு சாட்டிலைட் கமாண்ட் எதையும் கேக்காம ஆயிருச்சு, ஆனா டிரான்ஸ்மிட்டர் மட்டும் ஓடிட்டே இருந்தது, பக்கத்து சாட்டிலைட்டுங்க இடத்துக்குள்ள மிதந்து போயி எல்லாருக்கும் தலைவலி, ஸோம்பின்னே பேரு வச்சாங்க. ஸ்டாட்டிக் பொறிதான் காரணமா இருக்கும்னு சந்தேகப்பட்டாங்க. கடைசியில டிசம்பர்ல பேட்டரி வடிஞ்சு தானா ரீசெட் ஆயி திரும்ப பேச ஆரம்பிச்சுது. எட்டு மாசம் அலைஞ்சது ஒரு ஆஃப் ஆன்ல சரியாச்சு. அதனால ஹார்ட்வேர் வாட்ச்டாக் ஒண்ணு, அதாவது கம்ப்யூட்டர் உறைஞ்சு போனா தானா ரீசெட் பண்ணுற டைமர், கமாண்ட் குறிப்பிட்ட நாள் வராட்டி மொத்த பவரையும் வெட்டி திரும்பப் போடுற டைமர் ஒண்ணு, ரெண்டும் கண்டிப்பா வேணும். வெளிய இருந்து வர்ற ஒவ்வொரு ஒயருக்கும் ஃபில்டரும் வேணும், முக்கியமா சோலார் பேனல் ஒயருக்கு. ஆனா இது மட்டும் போதும்னு நினைச்சா தப்பு, ரீசெட் புத்தி குழம்புனதத்தான் தெளிய வைக்கும், கருகின ஒயர தைச்சுக் கொடுக்காது.

கருகினதுக்கு கதை இருக்கு, இவங்க போற மாதிரியே துருவ ஆர்பிட்ல. ஜப்பானோட ஏடியோஸ்-2, 800 கிலோமீட்டர் உயரம், 2002 டிசம்பர்ல ஏவினது, 2003 அக்டோபர்ல சில நிமிஷத்துல பவர் 6 கிலோவாட்ல இருந்து 1 கிலோவாட்டுக்கு இறங்கிருச்சு, அதோட முடிஞ்சுது. விசாரிச்சப்ப அவங்க சொன்ன பிரதான சந்தேகம், ஒயர் கட்டு மேல சுத்தியிருந்த எம்எல்ஐ போர்வை (சூடு தடுக்க பல அடுக்கா வைக்கற மெலிசான தாள்) எர்த் ஆகாம இருந்தது, அரோராவ கடக்கும்போது அதுல சார்ஜ் ஏறி பொறி அடிச்சு, அந்தப் பொறி சோலார் பேனல் கரண்ட்லயே நெருப்பா வளந்து ஒயரயெல்லாம் எரிச்சிருச்சு. எவ்வளவு பெரிய சாட்டிலைட்! ஒரு போர்வைக்கு ஒரு எர்த் ஒயரு.

அங்கதான் தக்கலைப் பிள்ளை சொன்ன பூச்சு வருது. அவ சொல்லுறது இண்டியம் டின் ஆக்சைடு, சுருக்கமா ஐடிஓ, போன் டச் ஸ்க்ரீன்ல இருக்கற அதே பொருளு, கண்ணாடி மாதிரி தெளிவா இருந்துகிட்டே கரண்ட கடத்தும், சோலார் செல் கண்ணாடி மேலயும் வெப்பத்த விடுற கண்ணாடி மேலயும் பூசுவாங்க. நல்ல வழி, ஜியோக்கு போறதா இருந்தா நானும் இதுக்குத்தான் கை தூக்குவேன். ஆனா விலை, கண்ணாடி செல்லோட சேத்துத்தான் வாங்கணும், பூச்சு ரொம்ப மெலிசு, உரசினாப் போச்சு. ஓரத்துல கிரவுண்டுக்கு எடுக்கற இணைப்பு ஒண்ணு விட்டுப்போச்சுன்னா அந்தப் பூச்சே எர்த் இல்லாத உலோகமா மாறிரும், பூசாம இருந்ததே மேல்னு ஆயிரும். 500 கிலோமீட்டருக்கு செல் கண்ணாடிய சும்மா விட்டுரலாம், பரப்பு சின்னது, கடக்கற நேரம் நிமிஷக்கணக்கு. அந்தக் காச வேற இடத்துல போடணும்.

வேற இடம்னா அந்த எமரி பேப்பர்தான். பூச்சுங்கறத கொஞ்சம் அகலமா எடுத்துக்கிட்டா, எல்லாத்தையும் ஒரே உடம்பாக்குறதுதான் விஷயம். இதுக்கு பெரிய கண்டக்டர் வேண்டாம், மோசமான நேரத்துலயும் வர்ற கரண்ட் சதுர சென்டிமீட்டருக்கு நானோ ஆம்பியர் கணக்குதான். 100 சதுர சென்டிமீட்டர் பேனல்ல சதுர சென்டிமீட்டருக்கு 1 நானோ ஆம்பியர் விழுந்தா 0.1 மைக்ரோ ஆம்பியர், அது 1 மெகா ஓம் வழியா வடிஞ்சாலும் சேர்ற வோல்ட் 0.1தான். வழின்னு ஒண்ணு இருக்கணும், அது ஒத்தையடிப் பாதையா இருந்தாலும் போதும். ஆனா உலோகத்தோட உலோகம் சேர்ற ஜாயின்ட்டுக்கு நான் 1 ஓமுக்கு மேல விட மாட்டேன், ஏன்னா மெகா ஓம்ல நிக்கற ஜாயின்ட்னா அது சரியா சேரலன்னு அர்த்தம், குலுங்குனா நாளைக்கு அதுவும் இருக்காது. தேச்ச இடத்த அப்படியே விட்டா திரும்ப ஆக்சைடு ஏறும், அங்க குரோமேட் கன்வெர்ஷன் பூச்சு போடணும், அலோடைன்னு கேட்டா தருவாங்க, அது அலுமினியத்த காப்பாத்தும், கடத்தவும் விடும். ரெயில் நாலும் கியூப்சாட் ரூல்படி ஹார்ட் அனோடைஸாத்தான் இருக்கணும், அதத் தொடக்கூடாது, ஸ்க்ரூ இடம் மட்டும்.

அப்புறம் அந்த தங்கக் கலர் டேப். பிள்ளைங்களுக்கு சாட்டிலைட்னா தங்கமா மின்னணும், அதனால கேப்டன் டேப்ப உள்ளயும் வெளியும் சுத்தியிருக்காங்க. அந்த ரோல்ல இருந்து ஒரு முழம் சர்ருன்னு உரிச்சு ஒரு பிள்ளையோட கைகிட்ட கொண்டு போனேன், கையில உள்ள பூனை முடி எழும்பி நின்னுச்சு, நம்ம ஊரு ஈரக்காத்துலயே! மேல சொல்லணுமா. வெளிப்பக்கம் டேப் வேணும்னா கார்பன் கலந்த கருப்பு கேப்டன் கிடைக்கும், அது கடத்தும், மூலையில கிரவுண்ட் பண்ணிரலாம். அழகு கொஞ்சம் கம்மி.

கிளம்பும்போது தக்கலைப் பிள்ளை வேற ஒண்ணு கேட்டா, அது பேப்பர்ல இல்லாத அஞ்சாவது வழி. "அண்ணே, தனி சாட்டிலைட்டே வேண்டாம், இஸ்ரோவோட போயம்ல பேலோடா மட்டும் போனா?" பிஎஸ்எல்வியோட நாலாவது ஸ்டேஜ வேலை முடிஞ்சதும் தூக்கிப் போடாம, அதையே மேடையா வச்சு சோதனைக் கருவிங்கள ஓட்டுறது. 2024 டிசம்பர் 30 பிஎஸ்எல்வி-சி60ல 24 பேலோடு போச்சு, 55 டிகிரி சாய்வு, அரோரா வளையம் பெரும்பாலும் எட்டாது, எர்த்தும் பெரிய உலோக உடம்போட கிடைக்கும். ஸ்டாட்டிக்க மட்டும் பாத்தா இதுதான் எல்லாத்துலயும் லேசான வழி. ஆனா மாசக்கணக்குல ஓடுற மேடை, வருஷக்கணக்குல தரவு வேணும்னா ஒக்காது, அதோட தனியா பறக்கற பெட்டிங்கற ஆசை இருக்கே. சிவன் சாரும் நாராயணன் சாரும் நம்ம மாவட்டத்துல பிறந்து இஸ்ரோ தலைவரானத பாத்து வளந்த பிள்ளைங்க, சொந்தமா ஒண்ணு பறக்கணும்னு நினைக்காதா?

நான் சொன்னது இது: துருவ ஆர்பிட்ல தனியா போறதா இருந்தா எல்லா உலோகத்தையும் ஒண்ணாக் கட்டுங்க, வெளிய கருப்பு டேப், சோலார் ஒயர்ல ஃபில்டர், ரெண்டு டைமர். தகடும் வாயுவும் வேண்டாம், ஐடிஓ கண்ணாடி காசு மிஞ்சுனா பாக்கலாம். மூணு பேரு ஒத்துக்கிட்டாங்க, வாயு ஆளு மட்டும் "அடுத்த பேட்ச்ல பாப்போம்"னான்.

நேத்து ஆறு பேனலையும் கழத்தி, தேச்சு, திரும்ப முறுக்கி கொண்டு வந்தாங்க. அஞ்சு பேனல் பீப்புன்னு கத்துச்சு. ஆன்டெனா கீல் இருக்க ஆறாவது பேனல் இன்னும் கத்தல, ஸ்க்ரூ ஓட்டைக்கு உள்ளயும் அனோடைஸ் ஏறியிருக்கும்போல, நாளைக்கு மரை வெட்டுற டேப் (ஒட்டுற டேப் இல்ல) போட்டு மரை ஓட்டிப் பாக்கணும்.